சங்கக்கார எதையெல்லாம் விட்டார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கிற ஆசிரியர்களும், விளையாடுகிற பிள்ளை வீட்டில் இருக்கிற பெற்றோரும் பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒரு தகப்பன் வேலை முடிந்த கையோடு வந்து ஓரமாக நின்றார். மகள் தரம் 10. ஓட்டம், கரப்பந்து, எல்லே மூன்றிலும் அவள்தான் முன்னால் நிற்பாள்.

"சேர், அடுத்த வருசம் இவளுக்கு ஓ.எல். எல்லாத்துக்கும் இவளையே கூப்பிடுறீங்க. ஏதாச்சும் ஒண்ண மட்டும் வச்சிக்கிட்டு மத்தத விட்டுறச் சொல்லுங்க சேர்."

கோபமாகச் சொல்லவில்லை. கவலையாகச் சொன்னார். எனக்கு உடனே பதில் வரவில்லை. பன்னிரண்டு வருசத்துக்கு முன் இதே மாதிரி ஒரு கேள்விக்கு நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர் குமார் சங்கக்கார. டெஸ்டில் 12,400 ஓட்டங்கள் குவித்த சங்கக்காரவை எல்லோருக்கும் தெரியும். எனக்கு நினைவு வந்தது அதற்கு முந்திய ஆள்: எந்த விளையாட்டைப் பிடித்துக்கொள்வது என்று இன்னும் தீர்மானிக்காத பள்ளிக்கூடப் பையன்.

அவர் நம் மலைநாட்டுப் பிள்ளைதான். 1977 ஒக்டோபர் 27ஆம் திகதி மாத்தளையில் பிறந்து கண்டியில் வளர்ந்தார். தகப்பன் க்ஷேம சங்கக்கார ஒரு சட்டத்தரணி. படித்தது கண்டி திரித்துவக் கல்லூரியில். சின்ன வகுப்புகளில் அவர் விளையாடியவை: பூப்பந்து, டெனிஸ், நீச்சல், மேசைப்பந்து, கிரிக்கெட். பூப்பந்திலும் டெனிஸிலும் கனிஷ்ட மட்டத்தில் தேசிய வர்ணம் பெற்றவர். அதாவது, கிரிக்கெட்டுக்கு முன்பே வேறு இரண்டு விளையாட்டுகளில் நாட்டின் முன்னணிப் பிள்ளைகளில் ஒருவர்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தென்னாபிரிக்க வீரர் ஏ.பி. டி வில்லியர்ஸ் பற்றி ஒரு பட்டியல் வருசக்கணக்காக வட்ஸ்அப்பில் சுற்றியது. ஹொக்கியில் தேசிய அணி, நீச்சலில் சாதனை, றக்பியில் தலைவர் என்று அது நீண்டுகொண்டே போகும். நானும் ஒரு காலைக்கூட்டத்தில் அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். பிறகு அவரே தன் சுயசரிதையில், அதில் பெரும்பகுதி உண்மையில்லை என்று எழுதிவிட்டார். சகலதும் தெரிந்த வீரர் என்றால் நமக்கு ஒரு மயக்கம். அதனால்தான் சங்கக்காரவைப் பற்றி எழுதும்போது அறியப்பட்ட விபரங்களோடு மட்டும் நிற்கிறேன். அவையே போதுமான அளவுக்குப் பெரியவை.

அவருடைய வாழ்க்கையில் ஒரு திருப்பம். அப்போதைய அதிபர் லெனார்ட் டி அல்விஸ், பையனின் தாயாரிடம், இவனை இனிக் கிரிக்கெட்டில் கவனம் செலுத்த ஊக்கப்படுத்துங்கள் என்று ஆலோசனை சொன்னார். டெனிஸ் மட்டையும் பூப்பந்து மட்டையும் பின்னுக்குப் போனது அதற்குப் பிறகுதான். வீட்டில் தகப்பனே பயிற்சியாளர். மகன் பெரிய வீரரான பிறகும் அவருடைய துடுப்பாட்டத்தில் குறை கண்டுபிடித்துச் சொல்கிற தகப்பன் என்று கிரிக்கெட் உலகமே அறியும்.

கவனித்துப் பாருங்கள். அந்த அதிபர் "விளையாட்டை விட்டுவிட்டுப் படி" என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்த பிள்ளையிடம், "இனி இதைப் பிடி" என்று சொன்னார். படிப்பும் கூடவே போனது. சங்கக்கார அந்தக் கல்லூரியின் சிரேஷ்ட மாணவத் தலைவராக இருந்தார். 1996இல், சகல துறையிலும் சிறந்த மாணவனுக்கு அக்கல்லூரி வழங்கும் ரைட் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதே வருசம் மார்ச் மாதம்தான் அர்ஜுன ரணதுங்கவின் அணி லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்றது. நாடு முழுக்கக் கிரிக்கெட் பித்துப் பிடித்திருந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த பையன் அவர்.

அடுத்து அவர் விட்டது சட்டப்படிப்பு. தகப்பன் வழியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். கிரிக்கெட் இழுத்ததால் பட்டத்தை முடிக்க முடியவில்லை. இலங்கை ஏ அணிக்காக ஆடியபோது, சிம்பாப்வே ஏ அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் அடித்த 156 ஓட்டங்கள் தெரிவாளர்களின் கண்ணில் பட்டன. 2000ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலியில், ஒரே மாதத்துக்குள் ஒருநாள் போட்டியிலும் டெஸ்டிலும் அறிமுகமானார். அப்போது வயது 22.

இதைப் பெற்றோரிடம் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. "பார்த்தீர்களா, பட்டம் முடிக்காமலே பெரிய ஆளாகிவிட்டார்" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிரிக்கெட் கைகொடுக்காமல் போயிருந்தாலும் திரும்பிப் போக அவருக்கு ஒரு வீடு இருந்தது, ஒரு தொழில் இருந்தது. லயத்தில் இருந்து வரும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அந்தத் தகப்பனின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் அவர் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தார். எனக்குப் பிடித்தது 2006ஆம் ஆண்டுக் கதை. அதுவரை அவர் டெஸ்டில் விக்கெட் காப்பாளராகவும் இருந்தார். மூன்றாம் இடத்தில் துடுப்பெடுத்தாடிக்கொண்டு, நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, முரளிதரனின் பந்தைப் பிடிப்பது லேசான வேலையா? அந்த வருசம் தென்னாபிரிக்கத் தொடரில் கையுறைகள் பிரசன்ன ஜயவர்தனவிடம் போயின. அதே தொடரின் முதல் டெஸ்ட், கொழும்பு எஸ்.எஸ்.சி மைதானம். இலங்கை 14 ஓட்டங்களுக்கு 2 விக்கெட். சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும் சேர்ந்தார்கள். பிரிந்தபோது அவர்கள் சேர்த்திருந்தது 624 ஓட்டங்கள். சங்கக்கார 287, மஹேல 374. டெஸ்ட் வரலாற்றில் எந்த விக்கெட்டுக்கும் அதைவிடப் பெரிய இணைப்பாட்டம் இன்றுவரை இல்லை.

கணக்கைப் பாருங்கள். காப்பாளராக ஆடிய 48 டெஸ்ட்களில் அவருடைய சராசரி 40 சொச்சம். வெறும் துடுப்பாட்ட வீரராக ஆடிய 86 டெஸ்ட்களில் 66க்கும் மேல். கையுறையைக் கழற்றிய பிறகு வந்தவர் வேறு ஒரு சங்கக்கார.

விடுவது என்றால் தோற்பது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். சரியான நேரத்தில் விடுவதும் ஒரு திறமை. 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் மும்பையில் இந்தியாவிடம் தோற்ற பிறகு தலைமைப் பதவியை விட்டார். 2014 ஏப்ரல் 6ஆம் திகதி மிர்பூரில், இருபதுக்கு இருபது உலகக் கிண்ண இறுதியில் அதே இந்தியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 52 அடித்துக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்றோடு சர்வதேச இருபதுக்கு இருபது போட்டிகளை விட்டார். 2015 உலகக் கிண்ணத்தில் அடுத்தடுத்து நான்கு சதங்கள். ஒருநாள் போட்டி வரலாற்றில் அதற்கு முன் யாரும் செய்யாதது. அந்தத் தொடரோடு ஒருநாள் போட்டிகளையும் விட்டார். அதே வருசம் ஓகஸ்டில் கொழும்பு பி. சரா மைதானத்தில் கடைசி டெஸ்ட். இரட்டைச் சதங்கள் 11. பிரட்மனின் 12ஐத் தொட இன்னும் ஒன்றுதான் தேவை. அதற்காகக்கூட அவர் காத்திருக்கவில்லை. பிரியாவிடை நிகழ்விலேயே அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரித்தானியாவுக்கான உயர்ஸ்தானிகர் பதவியை ஏற்கும்படி கேட்டார். அதையும் அவர் ஏற்கவில்லை.

அதன் பிறகான வாழ்க்கையும் வெறுமையாகப் போகவில்லை. இங்கிலாந்தில் சரே கழகத்துக்காக ஆடி, 2017இல் முதல்தரப் போட்டிகளில் தொடர்ந்து ஐந்து சதங்கள் அடித்தார். அந்தப் பருவத்தோடு அதிலிருந்தும் ஓய்வு. 1787இல் தொடங்கிய எம்.சி.சி கழகத்துக்கு 2019 ஒக்டோபரில் தலைவரானார். பிரித்தானியர் அல்லாத ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தது அதுவே முதல் தடவை. கொரோனாக் காலம் என்பதால் ஒரு வருசப் பதவி இரண்டு வருசமாக நீண்டது. 2021இல் ராஜஸ்தான் ரோயல்ஸ் அணியின் கிரிக்கெட் பணிப்பாளரானார். வர்ணனையாளராகவும் அவருடைய குரலைக் கேட்கிறோம்.

ஆனால் அவருடைய பெயரைக் கேட்டால் எனக்கு ஓட்டங்களுக்கு முன்னால் நினைவுக்கு வருவது ஒரு வீடு.

1983 ஜூலை. அப்போது அவருக்கு ஐந்து வயது. கண்டியில் அவர்களுடைய வீட்டில் அவருடைய பெற்றோர் 35 தமிழர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். பெரியவர்களும் பிள்ளைகளுமாகக் குடும்ப நண்பர்கள். கும்பல் கதவைத் தட்டினால் என்ன நடக்கும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். சின்னப் பையனுக்கு அது தெரியவில்லை. வீடு நிறைய விளையாட்டுத் தோழர்கள் வந்துவிட்டார்கள் என்று அவனுக்குச் சந்தோசம். இப்படி வருசா வருசம் நடந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தானாம். 2011 ஜூலை 4ஆம் திகதி லோர்ட்ஸில், கொலின் கவுட்ரி நினைவுச் சொற்பொழிவில் அவரே உலகத்தின் முன்னால் இதைச் சொன்னார். அந்த உரையின் முடிவில், தன்னை ஒரே நேரத்தில் சிங்களவனாகவும் தமிழனாகவும் முஸ்லிமாகவும் பறங்கியனாகவும் சொல்லிக்கொண்டார். அதே உரையில் இலங்கைக் கிரிக்கெட் நிர்வாகத்தின் ஊழலையும் விட்டுவைக்கவில்லை. அப்போது அவர் ஓய்வு பெற்றவர் அல்ல, அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். விளையாட்டுத்துறை அமைச்சு விசாரணை என்று பேசும் அளவுக்கு அந்த உரை பிரச்சினையானது.

2018 மார்ச்சில் திகனயில் எங்கள் சனங்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்தபோது, இந்த நாட்டில் இனத்தையோ மதத்தையோ காரணம் காட்டி யாரையும் ஒதுக்கவோ அச்சுறுத்தவோ கூடாது, நிறுத்துங்கள் என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். திகன அவருடைய கண்டி மாவட்டத்து ஊர்தான். அந்த நாட்களில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த நாலு வரி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இப்போது சொன்னால் புரியாது. 83இல் கதவைத் திறந்த வீட்டுப் பிள்ளை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இனி, இன்னொரு கண்டிப் பையனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. முத்தையா முரளிதரன். அவருடைய பாட்டனார் 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். பிறகு பாட்டனார் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டாலும், மகன் முத்தையா இங்கேயே தங்கிக் கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை எரிக்கப்பட்டது, தகப்பன் வெட்டுப்பட்டார், குடும்பத்தைக் காப்பாற்றியது சிங்கள அயலவர்கள். அப்போது முரளிக்கு ஐந்து வயது. ஒரு பையன் ஐந்து வயதில் தொழிற்சாலை எரியக் கண்டான். இன்னொரு பையன் ஐந்து வயதில் அப்படித் தப்பி வந்தவர்களோடு தன் வீட்டில் விளையாடினான்.

முரளி படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அவரும் ஒன்றை விட்டவர்தான். முதலில் மிதவேகப் பந்துவீச்சாளர். 14 வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சொன்னதால் சுழலுக்கு மாறினார். அந்த ஒரு மாற்றத்தின் முடிவு டெஸ்டில் 800 விக்கெட்.

இந்த இருவரும் சேர்ந்து ஒளிர்ந்த ஒரு போட்டி உண்டு. 2007 டிசம்பர், கண்டி அஸ்கிரிய மைதானம், இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். முரளி போல் கொலிங்வூட்டை வீழ்த்தி, ஷேன் வோனின் 708ஐத் தாண்டி 709ஆவது விக்கெட்டை எடுத்தார். அதே போட்டியில் சங்கக்கார 92உம் 152உம் அடித்தார். தொடர்ச்சியாக நான்கு டெஸ்ட்களில் 150க்கு மேல் அடித்த முதல் ஆள் என்ற பெருமையும் அங்கேதான் கிடைத்தது. தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரின் பேரனும் சட்டத்தரணியின் மகனும் தங்கள் சொந்த ஊரில் சேர்ந்து ஜெயித்தார்கள்.

அந்த அஸ்கிரிய யாருடைய மைதானம்? திரித்துவக் கல்லூரியினுடையது. ஒரு பாடசாலைக்குச் சொந்தமான மைதானத்தில் டெஸ்ட் போட்டி. ஏ.ஜி. பிரேசர் அதிபராக இருந்த காலத்தில் மலையைக் குடைந்து சமப்படுத்தி, 1915இல் திறந்தார்கள். நூறு வருசத்துக்கு முன்னால் ஒருவர் மலையை வெட்டி வைத்தார். அந்தச் சமதரையில் பிறகு எத்தனை பேர்! 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்ற டங்கன் வைற்றும் திரித்துவக் கல்லூரி மாணவர்தான். இலங்கைக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் வர 52 வருசம் ஆனது.

எங்கள் பக்கத்திலும் மலைக்குக் குறைவில்லை. வெட்டிச் சமப்படுத்தத்தான் யாரும் இல்லை. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1970களுக்குப் பிறகு. அதுவரை ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு. பூப்பந்து மண்டபத்தையும் நீச்சல் தடாகத்தையும் விடுங்கள், இன்றைக்கும் நூறு மீற்றர் நேராக ஓட இடமில்லாத பாடசாலைகள் இருக்கின்றன. கரப்பந்து அடித்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும், தேடி எடுக்க ஒருவன் கீழே நிற்க வேண்டும். ஹட்டன் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது அந்தத் தகப்பனின் கேள்விக்கு வருகிறேன். "ஒண்ண வச்சிக்கிட்டு மத்தத விட்டுறச் சொல்லுங்க."

சங்கக்கார விட்டவை எல்லாம் முதலில் அவர் கைக்கு வந்தவை. டெனிஸை விட்டார் என்றால், தேசிய மட்டம் வரை ஆடிப் பார்த்துவிட்டு விட்டார். சட்டத்தை விட்டார் என்றால், பல்கலைக்கழக வாசலைத் தாண்டிவிட்டு விட்டார். கையுறையை விட்டார் என்றால், உலகின் சிறந்த காப்பாளர்களில் ஒருவராக இருந்துவிட்டு விட்டார். எங்கள் பிள்ளைகளிடம் நாங்கள் விடச் சொல்வது இன்னும் கைக்கே வராததை. எதில் தனக்குக் கை ஓடும் என்று தெரியும் முன்பே, ஓ.எல். என்ற பயத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிடுகிறோம்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். பன்னிரண்டு வருசத்துக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம். 1500 மீற்றரில் வலயத்தில் முதலாமவன், கரப்பந்தும் நன்றாக ஆடுவான். கணக்கில் 28 புள்ளி எடுத்த அன்றைக்கு நான் அவனைக் கூப்பிட்டு, "ஓட்டம் சோறு போடாது, புத்தகத்தை எடு" என்றேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அடுத்த நாளிலிருந்து மைதானத்துக்கு வரவில்லை. கணக்கும் வரவில்லை. ஓட்டம் இருந்தவரை விடியக்காலை எழும்பி, வகுப்பில் முன்வாங்கில் உட்கார்ந்த பையன், அது போன பிறகு கடைசி வாங்குக்குப் போய்விட்டான். ஓ.எல். முடிய கொழும்பில் ஒரு புடவைக்கடைக்கு வேலைக்குப் போனான்.

போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தவனை ஹட்டன் பஸ் நிலையத்தில் கண்டேன். கையில் பிள்ளைக்குப் பட்டாசும் சட்டையும். மரியாதையாகப் பேசினான், குறை ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது மட்டும் திரும்பிக் கேட்டான்: "சேர், இப்ப நம்ம ஸ்கூல்ல 1500 யாரு ஓடுறாங்க?"

ஆகவே அந்தத் தகப்பனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். "இந்த வருசம் அவள் எதையும் விட வேண்டாம். அடுத்த வருசம் முதலாம் தவணை முடிய நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். எதைப் பிடிப்பது எதை விடுவது என்று அவளே சொல்லட்டும். அதுவரை பயிற்சி முடிந்து அரை மணித்தியாலம் கணக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்." அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி சேர், ஆனா கணக்குல கொறைஞ்சா நான் திரும்ப வருவேன்" என்றார். வரட்டும், வர வேண்டும். பிள்ளையைக் கேட்டு மைதானத்துக்கு வருகிற தகப்பன் எங்களுக்குக் கிடைப்பதே அரிது.

இதை வாசிக்கிற பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறீர்கள். வீட்டு மூலையில் பாவிக்காத பூப்பந்து மட்டை, ஓட்டச் சப்பாத்து ஏதும் இருந்தால் நீங்கள் படித்த தோட்டப் பாடசாலைக்கு அனுப்பிவையுங்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் பிறகு விட்டுவிடுவார்கள்.